நான்காவது கொக்கு

"கொழுப்பு உடம்புல எங்கெல்லாம் சேரும்னு டாக்டருங்க சொல்லுவாங்க. சக்கரத்து மூடியிலயும் சேரும்னு இன்னிக்குத்தான் பார்க்கறேன்" என்றாள் அண்ணி.

கொழுந்தன் சிரிக்கவில்லை. அண்ணியின் துப்பறியும் நிறுவனத்தில் அவனுக்கு இரண்டே வேலை. ஸ்கூட்டர் ஓட்டுவது, அவள் பேச்சுக்குச் சிரிப்பது. அண்ணன் கப்பலில் வேலை பார்ப்பவன். வருஷத்தில் பாதி நாள் தண்ணீரில் இருப்பான், மீதி நாள் அண்ணியின் வாய்க்குப் பயந்து தூங்கிக்கொண்டிருப்பான். ஆகவே அந்த வாய்க்கு ஈடுகொடுக்கும் பொறுப்பு முழுவதும் தம்பி தலையில் விழுந்திருந்தது. ஆனால் இன்றைக்கு அவனால் சிரிக்க முடியவில்லை. எதிரில் நின்றது ஒரு வால்ட்ஸ்டைன்.

அசல் ஜெர்மன் வால்ட்ஸ்டைன் கார். கரும்பச்சை உடம்பு, நீண்ட மூக்கு, நான்கு சக்கரங்களின் நடுவிலும் வெள்ளி மூடி, மூடியில் ஒற்றைக் காலில் நிற்கும் கொக்கு. படத்தில் பார்த்துப் பார்த்து ஏங்கியவன் இப்போதுதான் நேரில் பார்க்கிறான்.

நின்ற இடம்தான் அதன் அந்தஸ்துக்குப் பொருந்தவில்லை. என்றோ இழுத்து மூடிய ஐஸ் கம்பெனியின் கொட்டகை அது. ஒரு பக்கம் துருப்பிடித்த தொட்டிகள், இன்னொரு பக்கம் சுண்ணாம்பு உதிரும் சுவர், உள்ளே கடைசியில் ஐஸ் வார்க்கும் தகரப் பெட்டிகளின் அடுக்கு. வண்டியைப் பின்பக்கமாக ஓட்டி உள்ளே செருகியிருந்தார்கள். நேராகவும் செருகவில்லை. மூக்குப் பக்கம் சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு ஆள் தாராளமாக நிற்கலாம். வால் பக்கம் போகப் போக இடைவெளி குறுகி, பின்சக்கரத்துக்கிட்டே ஒரு பூனை யோசித்துத்தான் நுழைய வேண்டும்.

பழைய இரும்பு வியாபாரி ஒருவர் தகரப் பெட்டிகளை விலை பேச வந்து, வண்டியைப் பார்த்துவிட்டுப் போலீசுக்குச் சொல்லியிருந்தார். வண்டி கிடைத்துவிட்டது, திருடனும் கிடைத்துவிட்டான் என்று இன்ஸ்பெக்டர் கையைத் துடைத்துக்கொண்டார். அவர் சொன்ன திருடன், வண்டியின் டிரைவர்.

டிரைவரின் மனைவி காலையில் அண்ணியின் அலுவலகத்துக்கு வந்திருந்தாள். தையல்காரி. கழுத்தில் அளவு நாடாவோடு அப்படியே ஓடி வந்திருந்தாள், ஆனால் அழவில்லை.

"மேடம், எம்புருஷன் திருடற ஆளா இருந்தா, இத்தனை வருஷத்துல ஒரு நல்ல சைக்கிளாவது வாங்கியிருப்பாரு. முந்தாநாள் விடியக்காலைல வண்டியைக் காணோமாம். பூட்டு உடையல, சாவி ரெண்டே பேர்கிட்ட, முதலாளி பொய் சொல்ல மாட்டாரு, அதனால இவர்தான் திருடனாம். நல்ல கணக்கு! இவரோ எதைக் கேட்டாலும் 'எனக்குத் தெரியாது'ங்கறாரே தவிர, வாயைத் திறக்க மாட்டேங்கறாரு."

சாயங்காலம் வரைக்கும்தான் அவகாசம். அதற்குப் பிறகு வழக்குப் பதிவு செய்து கோர்ட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று இன்ஸ்பெக்டர் அண்ணியிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். ஒரு தடவை திருட்டு வழக்கில் உள்ளே போன டிரைவரிடம் அப்புறம் யார் சாவியைக் கொடுப்பார்கள்?

அண்ணி வண்டியைச் சுற்றிவந்தாள். "தம்பி, இந்தக் கொக்கு ஏன் இவ்வளவு ஒழுக்கமா நிக்குது? சக்கரம் எந்தக் கோணத்துல நின்னா என்ன, இது மட்டும் தலை மேல, கால் கீழன்னு நிக்குதே. ஒண்ணு சரி, தற்செயல். இதோ, மூணும் அப்படியே நிக்குது."

கொழுந்தனுக்கு வாய் ஊறியது. "அது வால்ட்ஸ்டைன்காரங்க வழக்கம் அண்ணி. ஓடறப்ப மூடியும் சக்கரத்தோட சுத்தும். நிறுத்தினதும் சொந்தக்காரர் இறங்கி, கட்டைவிரலால நாலு கொக்கையும் திருப்பி நிமிர்த்தணும். கொக்கு சாய்ஞ்சு நின்னா குடும்பத்துக்கே அவமானம்."

"வண்டியைத் திருடிட்டு வந்து, குப்பைக்குள்ள ஒளிச்சு வெச்சுட்டு, குனிஞ்சு குனிஞ்சு கொக்குக்குத் தலை வாரி விட்டானா ஒருத்தன்?"

"ஆமா, டிரைவர் ஒருவேளை பழக்க தோஷத்துல..."

"தையல்காரி சொன்னதைக் காதுல வாங்கினியா, இல்ல அவ சொல்றப்பவும் கொக்கு கனவா? துடைக்கறப்ப ஒரு தரம் கை பட்டுடுச்சுன்னு முதலாளி நாலு பேர் முன்னாடி அந்த மனுஷனைக் காய்ச்சி எடுத்திருக்காரு. அதுலேருந்து மூடியைச் சுத்தித்தான் துடைப்பாரு, கொக்கைத் தொடவே மாட்டாரு. சரி, உன் பாக்கெட்ல இருக்கற கொக்கை எடு."

கொழுந்தனுக்குத் திக்கென்றது. கொக்கு போட்ட சாவிக்கொத்தை ஒரு வருஷமாக அண்ணி கண்ணில் படாமல் வைத்திருப்பதாக அவன் நினைத்துக்கொண்டிருந்தான். அசடு வழிய எடுத்து நீட்டினான். அவள் அதைத் தூக்குக்குண்டு போலத் தொங்கவிட்டு, ஒரு கொக்குக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். மயிரிழை பிசகவில்லை.

"நாலாவது எங்கே?"

அவன் சுவரோரம் தலையை நுழைத்து, போன் வெளிச்சத்தில் பின்சக்கரத்தைப் பார்த்தான். அங்கே கொக்கு ஏறக்குறையத் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"இது மட்டும் கோணல் அண்ணி."

அண்ணி நான்கையும் படம் எடுக்கச் சொன்னாள். பிறகு அந்த இடுக்கையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அவள் அப்படி வாயை மூடிக்கொண்டு நின்றால் யாருக்கோ கெட்ட காலம் என்று கொழுந்தனுக்குத் தெரியும்.

"வா, உன் கொக்குச் சாமியாருங்களைப் பார்த்துட்டு வரலாம்" என்றாள்.

* * *

வால்ட்ஸ்டைன் உரிமையாளர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் ஒரு பெரிய ஹோட்டலின் புல்வெளியில் நடந்துகொண்டிருந்தது. வரிசையாகப் பத்துப் பதினைந்து வண்டிகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சொந்தக்காரர், புது மாப்பிள்ளையைப் போல விறைப்பாக. வண்டிகளுக்கு இருந்த பளபளப்பு சொந்தக்காரர்களுக்கு இல்லை. வண்டிகளுக்கு வயதானால் மதிப்புக் கூடுகிறது. தங்களுக்கும் அப்படித்தான் என்று அவர்கள் பாவம் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

ஜெர்மனியிலிருந்து ஒரு விருந்தாளி வந்திருந்தார். வண்டி வண்டியாகப் போய், இன்ஜின் மூடியைத் திறந்து, சின்ன டார்ச்சோடு உள்ளே தலையை விட்டு, அசல் என்று சான்று கொடுப்பது அவர் வேலை. அவர் தலை வெளியே வரும்வரை சொந்தக்காரர் மூச்சு விடாமல் நின்றார்.

சங்கச் செயலாளர் ஒரு பல் டாக்டர். குச்சிக்குக் கோட்டு மாட்டியது போன்ற மனிதர். நெருக்கி நிறுத்தியிருந்த இரண்டு வண்டிகளுக்கு நடுவே காற்றைப் போலப் புகுந்து வந்து கைகூப்பினார். வண்டிகளின் வரலாற்றை அண்ணி கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"வால்ட்ஸ்டைன்ங்கறவர் ஆரம்பத்துல சதுப்பு நிலத்துத் தண்ணியை இறைக்கற பம்ப் செஞ்சவர் மேடம். பட்டறையைச் சுத்தி எந்நேரமும் கொக்குங்க நிக்கும். அதான் சின்னம். முதல் கார்ல இன்ஜின் பிரமாதம், ஆனா கதவு கழண்டு விழுந்துடுச்சு. ஊரே சிரிச்சுது. அந்த ரோஷத்துல ஒரு கதவு செஞ்சாரு பாருங்க..."

அவர் தன் வண்டிக் கதவை இரண்டு விரலால் தள்ளினார். 'தப்' என்று மெத்தையில் தலையணை விழுந்த சத்தம். சுற்றி நின்றவர்கள் கண்ணை மூடி அனுபவித்தார்கள். கொழுந்தனும் மூடினான், அண்ணி முழங்கையால் இடித்ததும் திறந்துகொண்டான்.

"கம்பெனி ரெண்டு தடவை நொடிச்சுப் போச்சு. ரெண்டாவது தடவை கடன்காரங்க ஜப்தி பண்ண வந்தப்ப, தொழிலாளிங்க வாசல்ல நின்ன அத்தனை வண்டியிலயும் கொக்கை நிமிர்த்தி வெச்சுட்டுப் போனாங்களாம். கம்பெனி சாய்ஞ்சாலும் கொக்கு சாயக்கூடாது! அந்த வழக்கத்தைத்தான் நாங்க காப்பாத்தறோம். சொந்தக்காரர் கட்டைவிரல் தவிர வேற எந்தக் கையும் படக்கூடாது."

"வண்டி செஞ்சவங்களே தொழிலாளிங்க. கொக்கை நிமிர்த்தினதும் அவங்க. இங்கே டிரைவர் கை பட்டா மட்டும் தீட்டா?"

பல் டாக்டர் கேள்வியை எச்சிலோடு சேர்த்து விழுங்கினார். "வால்ட்ஸ்டைனை நாம தேர்ந்தெடுக்கறதில்ல மேடம். அதுதான் நம்மளைத் தேர்ந்தெடுக்குது."

"நல்லவேளை, என்னைப் பார்த்துட்டு ஒதுங்கிப் போயிடுச்சு. காணாமப் போன வண்டிக்காரர் எங்கே?"

அவர், மார்பிள் கடை முதலாளி, ஒரு நாற்காலி நிறைய உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் அவர் வயிறு உட்கார்ந்திருந்தது. கைக்குட்டையால் கண்ணை ஒற்றியபடி துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் பேசிக்கொண்டிருந்தார். அவர் வண்டி சாதாரண வால்ட்ஸ்டைன் இல்லையாம். நிறுவனர் சாவதற்கு முன்னால் தன் கையாலேயே இன்ஜின் பூட்டிய கடைசி வண்டியாம்.

"என் பிள்ளை மாதிரி வளர்த்தேன். பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிட்டான் பாவி. கிடைச்சுடுச்சுங்கறாங்க, ஆனா எங்கேன்னுகூட இன்ஸ்பெக்டர் சொல்லலம்மா. எந்தக் குப்பையில கிடக்குதோ! நாளைக்குக் குடுத்தாப் போதும்னு சொல்லிட்டேன். சட்டம் அதன் கடமையைச் செய்யட்டும்."

"உங்க டிரைவருக்கு அதைத் திருடி என்ன பிரயோஜனம் சார்? உப்புமூட்டை தூக்கிட்டா ஓட முடியும்?"

"பொறாமைம்மா. நல்ல பொருளைக் கண்டா அந்த ஜாதி ஆளுங்களுக்கு, அதாவது இந்த டிரைவருங்களுக்கு, வயிறு எரியும்."

அண்ணியின் மூக்கு விடைத்தது. கெட்ட சகுனம். ஆனால் அவள் சர்க்கரையாகச் சிரித்து நகர்ந்துவிட்டாள்.

"செயலாளரே, இவர் வண்டி அவ்வளவு உசத்தியா?"

பல் டாக்டர் பெருமூச்சு விட்டார். "வருஷா வருஷம் முதல் பரிசு அவருக்கு, ரெண்டாவது எனக்கு. ஆனா பக்தின்னா அவர் பக்திதான். எந்தக் கூட்டம்னாலும் எல்லாருக்கும் முன்னாடி வந்து வண்டியை நிறுத்திடுவாரு. எல்லாரும் போனப்புறம்தான் எடுப்பாரு. இன்ஜின் மூடியைத் திறக்கவே மாட்டாரு. ஜெர்மனியில போட்ட முத்திரையாம், திறந்தா மரியாதை போயிடுமாம். இந்த வருஷம் விருந்தாளிக்காக மட்டும் திறக்கறதா இருந்தது. அவரும் இன்னிக்கு ராத்திரி ஊருக்குக் கிளம்பறாரு. அதுக்குள்ள இப்படி ஆயிப்போச்சு."

வெளியே வந்ததும் கொழுந்தன் தொடையில் தட்டினான். "அண்ணி, முடிஞ்சுது! வருஷா வருஷம் ரெண்டாவது வாங்கி வாங்கி நொந்த ஆளு. கொக்கைத் தொடாம இருக்க முடியாத ஆளு. பல்லைப் பிடுங்கற கை, வண்டியைப் பிடுங்கிடுச்சு."

"அடேயப்பா, என்ன மூளை! உங்க அண்ணன் உப்புத் தண்ணியில ஊறி ஊறித்தான் மக்காயிட்டாருன்னு நினைச்சேன். பரம்பரைதான் போல."

"அப்புறம் யாரு?"

அண்ணி இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டாள். டிரைவரையும் மார்பிள் முதலாளியையும் பல் டாக்டரையும் சாயங்காலம் ஐஸ் கம்பெனிக்கு அழைத்துவரச் சொன்னாள். அவர் ஏதோ முனகினார். "அரை மணி நேரம் சார். தப்பா இருந்தா நானே உங்க கேஸ் கட்டைச் சுமந்துட்டுக் கோர்ட்டுக்கு வர்றேன்" என்றாள்.

* * *

மற்றவர்களுக்கு முன்னால் இவர்கள் கொட்டகைக்குத் திரும்பினார்கள். வாசலில் நின்று ஜீப் வருகிறதா பார் என்று அண்ணி அவனை நிறுத்திவிட்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது தோள் முழுக்கச் சுண்ணாம்பு.

"என்ன அண்ணி பண்ணினீங்க?"

"கொக்குத் தலையில வெண்ணெய் வெச்சேன்."

ஜீப் வந்தது. பின்னாலேயே பல் டாக்டரின் வண்டியும் வந்தது, அதில் முதலாளியும். டிரைவர் ஜீப்பிலிருந்து இறங்கினார். சட்டை கசங்கியிருந்தது. அண்ணி சொல்லி வந்திருந்த மனைவி ஓரமாக நின்றாள். அவளைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். டிரைவர் உள்ளே வரக் கூடாதென்று முதலாளி சொன்னார். இன்ஸ்பெக்டர் சரி என்றார். அண்ணி, "இருக்கட்டும் சார், அவர் இல்லாம இந்தக் கூத்து நல்லா இருக்காது" என்று அவரையும் உள்ளே கூட்டிப்போனாள்.

வண்டியைக் கண்டதும் பல் டாக்டர் அலறினார். "ஐயையோ, கொக்கு!"

கொழுந்தனும் அப்போதுதான் கவனித்தான். காலையில் நிமிர்ந்து நின்ற மூன்று கொக்குகளும் இப்போது மூன்று திசையில் சாய்ந்து கிடந்தன. பல் டாக்டர் பாய்ந்து மண்டியிட்டு, முன்சக்கரத்துக் கொக்கைக் கட்டைவிரலால் திருப்ப ஆரம்பித்தார். எதிரியின் வண்டி என்றுகூடப் பார்க்கவில்லை.

கொழுந்தன் இன்ஸ்பெக்டரை இடித்தான். "பார்த்தீங்களா சார்? கை நிக்குதா பாருங்க!"

இன்ஸ்பெக்டர் ஒரு அடி எடுத்துவைத்தார். அண்ணி கையால் தடுத்தாள். அவள் பல் டாக்டரைப் பார்க்கவே இல்லை. மார்பிள் முதலாளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலாளியின் முகம் வியர்த்திருந்தது. சாய்ந்து கிடந்த மூன்றையும் அவர் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கண் சுவர்ப்பக்கம் போனது. அங்கிருந்து வரவில்லை.

"வண்டியை முன்னாடி தள்ளுங்க" என்றார். "எனக்கு என் வண்டியைச் சரியாப் பார்க்கணும்."

போலீஸ்காரர்களும் கொழுந்தனும் தள்ளினார்கள். அரைச் சுற்றுதான் சுற்றியிருக்கும் சக்கரம், அண்ணி கையைத் தட்டினாள். "கொஞ்சம் பின்னாடி விடுங்க. இன்னும் கொஞ்சம். அவ்வளவுதான், சக்கரம் பழைய இடத்துக்கு வரட்டும். வாலை மட்டும் இந்தப் பக்கமா நகர்த்துங்க." நாலு பேர் மூச்சைப் பிடித்து வாலைத் தூக்கி நகர்த்தினார்கள். இடுக்கு அகலமானது.

முதலாளி யாரையும் கேட்கவில்லை. பல் டாக்டர் கொக்கைத் திருப்பிக்கொண்டிருந்த சக்கரத்தைத் தாண்டினார், அடுத்ததையும் தாண்டினார், மூச்சு வாங்க வயிற்றைச் சுவரோரம் திணித்துக்கொண்டு போய்ப் பின்சக்கரத்தின் முன்னால் குனிந்தார். குனியும்போதே கட்டைவிரல் தயாராக நீண்டிருந்தது. இரண்டு நாளாக மனதை அரித்துக்கொண்டிருந்த ஒன்றைச் சரிசெய்யப் போகும் நிம்மதி அந்த முகத்தில் தெரிந்தது.

விரல் பாதியில் நின்றது. நான்காவது கொக்கு, தலை மேலே, கால் கீழே, கம்பீரமாக நின்றுகொண்டிருந்தது.

"இது எப்படி..." என்றார் முதலாளி, தன்னை மறந்து. "இது கோணலாத்தானே இருந்துச்சு!"

பல் டாக்டரின் விரல்கூட நின்றுவிட்டது.

"ஆமா சார்" என்றாள் அண்ணி மெதுவாக. "கோணலாத்தான் இருந்துச்சு. காலையில நாங்க படம் எடுத்தப்ப, இருந்த நாலுல அது ஒண்ணுதான் கோணல். நான்தான் நுழைஞ்சு நிமிர்த்தினேன். வண்டி எங்கே கிடக்குதுன்னே தெரியாத உங்களுக்கு, எது கோணல்னு எப்படித் தெரிஞ்சுது?"

முதலாளி நிமிர முயன்றார். வயிறு சுவரில் இடித்தது.

"வண்டியை ஒளிச்சவன் மூணைத் திருப்பிட்டான். நாலாவதுக்கு எட்டல. செயலாளரா இருந்தா இந்த இடுக்குல புகுந்து புறப்பட்டிருப்பாரு. டிரைவரா இருந்தா ஒண்ணைக்கூடத் தொட்டிருக்க மாட்டாரு, அவர் கைதான் உங்களுக்கு ஆகாதே. பாவம், ரெண்டு நாளா உங்களுக்குத் தூக்கம் வந்திருக்காது. டிரைவர் லாக்கப்புல கிடக்கறாரேன்னு இல்ல. கொக்கு கோணலாக் கிடக்குதேன்னு."

"என் வண்டியை நானே ஏம்மா ஒளிக்கணும்?" முதலாளியின் குரல் கீச்சிட்டது.

"எல்லாருக்கும் முன்னாடி வந்து, எல்லாரும் போனப்புறம் கிளம்பற பக்தி எனக்குப் புரியல சார். அந்த வண்டி ஓடற சத்தத்தை உங்க சங்கத்துல ஒருத்தர்கூடக் கேட்டதில்லையே. தம்பி, இன்ஜின் மூடியைத் திற."

"முத்திரை! முத்திரை இருக்கு!"

முத்திரை என்பது ஒரு ஈயக் கம்பி. கொழுந்தன் திருகியதும் கையோடு வந்துவிட்டது. மூடியைத் தூக்கினான். போன் வெளிச்சத்தைக் காட்டினான். நிறுவனர் சாகும் முன் தன் கையால் பூட்டிய இன்ஜினை ஆயுசில் ஒரு தடவை பார்க்கப் போகிறோம் என்று தலையை உள்ளே விட்டான்.

பார்த்தான். மறுபடி பார்த்தான்.

"அண்ணி... இது நம்ம தெருவுக்கு வர்ற பால் வேன் இன்ஜின்."

பல் டாக்டர் எட்டிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார், வெறும் காற்றுதான் வந்தது. முப்பத்திரண்டு பல்லையும் ஒரே நாளில் இழந்தவர் போலத் தகரப் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். வருஷா வருஷம் அவர் தோற்றது ஒரு பால் வேனிடம்.

"ஜெர்மன்காரர் திறந்து பார்த்தா மானம் போயிடும். அவர் விமானம் ஏறற வரைக்கும் வண்டி காணாமப் போகணும். அப்படியே உள்ளே இருக்கற ரகசியம் தெரிஞ்ச ஒரே ஆளையும் திருடன்னு முத்திரை குத்திட்டா, அவர் என்ன சொன்னாலும் எவன் நம்புவான்? ஒரு கொக்குக்காக ஒரு மனுஷனைக் காவு குடுக்கப் பார்த்தீங்க. துப்பு துலக்கறேன்னு வந்ததுக்கு, நிஜமாவே துப்பலாம்னு தோணுது சார். எச்சில் வீணாகக் கூடாதேன்னு விடறேன்."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிறகு டிரைவரிடம் திரும்பினார். "ஏம்ப்பா, உனக்கு இந்த இன்ஜின் விஷயம் தெரியுமா?"

"தெரியும் சார். தினமும் நான்தானே ஓட்டறேன்."

"அப்ப ரெண்டு நாளா ஏன் சொல்லல?"

டிரைவர் முதலாளியைப் பார்த்தார். "யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு வேலைக்குச் சேர்ந்தப்ப சத்தியம் வாங்கினாரு. நான் குடுத்தேன். அவரே வந்து என்னை வெளியே எடுப்பாருன்னு நினைச்சுட்டிருந்தேன்."

தையல்காரி தலையில் அடித்துக்கொண்டாள். கொழுந்தன் வாயில் அப்போது ஒரு ஜோக்கும் வரவில்லை. வராததற்காக அவன் வெட்கப்படவும் இல்லை.

முதலாளியை இடுக்கிலிருந்து இழுத்து வெளியே எடுக்க இரண்டு போலீஸ்காரர்கள் தேவைப்பட்டார்கள். ஜீப்பை நோக்கி நடத்தியபோது அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். கடைசியில் பழைய அதிகாரத்தோடேயே கூவினார்: "டேய்! வண்டியைப் பத்திரமா வீட்டுல விட்டுடு. செயலாளர்கிட்ட சொல்லி கொக்கை எல்லாம் நேராக்கச் சொல்லு. நீ தொட்டுடாதே!"

டிரைவரின் சட்டைப் பையில் வண்டிச் சாவி இல்லை. அதை முந்தாநாளே போலீஸ் வாங்கியிருந்தது. வண்டியைச் சுற்றி நடந்தார். நான்காவது சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்தார். இத்தனை வருஷமாகச் சுற்றிச் சுற்றித் துடைத்த அந்த வெள்ளி மூடியின் மேல், முதல் முறையாகக் கட்டைவிரலை வைத்தார்.

நிதானமாகத் திருப்பினார். கொக்கு தலைகீழாக நின்றது.

கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு எழுந்தார். "வா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார் மனைவியிடம்.